பத்தியம் இருந்த கீரி

அந்தக் காலத்தில் கீரிக்கும் மனிதருக்கும் ஒரே வாசல்தான். பூனையெல்லாம் அப்போது காட்டில் கிடந்தது. வீட்டில் எலி பிடிப்பது கீரியின் பாடு. எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தது, அதனால் வீட்டுக்கு வீடு வாயாடலுக்கும் குறைச்சல் இல்லை.

செங்கோடன், நாச்சாத்தாள் என்று ஒரு புருசன் பெண்டாட்டி. கம்பும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு, சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் ஒற்றை வீடு. அந்த வீட்டில் ஒரு பெண்கீரி இருந்தது. நாச்சாத்தாள் அதை அம்மிணி என்று கூப்பிடுவாள். அது அவளை அக்கா என்று கூப்பிடும். செங்கோடனின் பழைய தலைத்துண்டில் சுருண்டு பாதிப் பகல் தூங்கும். விழித்துக்கொண்டால் அகப்பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்த் தானியக் குதிருக்கு அடியில் ஒளிக்கும். சுருக்குப்பை, சுண்ணாம்பு டப்பா, ஒரு தடவை ஒற்றைச் செருப்பு.

"ஏம்புள்ளே, உந்தங்கச்சி எஞ்செருப்பத் தின்னுட்டாளா?" என்று செங்கோடன் கத்துவான்.

"திங்கலீங்க மாமா, பத்திரமா வெச்சிருக்கறேன்" என்று குதிருக்கு அடியிலிருந்து பதில் வரும்.

நாச்சாத்தாளுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று பிறந்தது, ஒன்பதாம் நாள் போய்விட்டது. பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் படுத்திருந்தபோது தாகம் தாங்காமல் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டாள். அதனால்தான் குழந்தை போனது என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அவளும் அப்படியே நம்பிவிட்டாள்.

அப்புறம் ஒரு சித்திரையில் அம்மிணி நாலு குட்டி போட்டது. கண் திறக்காத, விரல் நீளக் குட்டிகள். நாச்சாத்தாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளறையை மெழுகினாள். சந்து பொந்தெல்லாம் துணி வைத்து அடைத்தாள். "பச்ச உடம்பு, காத்துப் படக்கூடாது" என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மூலையில் ஒரு சட்டி நிறையக் கரியைக் கனிய வைத்தாள். வேளாவேளைக்குப் பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட ரசம், அதில் குழைந்த சோறு, மேலே ஓர் உருண்டை சுக்கு மருந்து.

"அக்கா, ஒரே ஒரு எலி..."

"எலியா! பச்ச உடம்புக்காரி பேசற பேச்சா இது? நாப்பது நாளைக்குக் கவுச்சி ஆகாது. வாயத் தொற கண்ணு."

அக்கா ஆசையாகச் சொல்கிறாளே என்று அம்மிணி வாயைத் திறந்தது. மிளகு தொண்டையில் எரிந்தது.

கதவுக்கு வெளியே வீட்டுக் கோழி வந்து நின்றது. "இருவத்தொரு நாள் ஒரே எடத்துல உக்காந்து அடை காத்தேன். எனக்கு எவ ரசம் வெச்சா? நீ குடுத்து வெச்சவடி" என்றது.

"நீ வேணா உள்ள வா. மாத்திக்கலாம்."

"நீ பசியில இருக்கற. நான் வரல சாமி" என்று கோழி நகர்ந்துவிட்டது.

நாலாம் நாள் ஒரு குட்டி அசையவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இன்னொன்று. நாச்சாத்தாள் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் புதைத்தாள். எங்கிருந்தோ காற்றுப் புகுந்துவிட்டது என்று கதவிடுக்கில் இன்னும் துணி அடைத்தாள். சட்டியில் இன்னும் கரி போட்டாள்.

அன்று உச்சிப்பொழுதில் அவள் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது அம்மிணி வாயைத் திறக்கவில்லை.

"பால் வத்திப்போச்சுங்க அக்கா. மிச்சம் இருக்கற ரெண்டும் மடியக் கவ்வுது, ஒண்ணும் வரல. சூட்டுல எப்படி மூச்சு எரைக்குது பாருங்க."

"இன்னுங் கொஞ்சம் ரசம் குடிச்சா..."

"எலி வேணும் அக்கா. மயிரோட, எலும்போட, ரத்தத்தோட. அதுதான் எனக்குப் பாலாகும்."

நாச்சாத்தாள் கிண்ணத்தை அதன் வாயருகே நீட்டினாள். "ஒரு செம்புத் தண்ணிதான் அம்மிணி குடிச்சேன். ஒரே ஒரு செம்பு. எம்புள்ள போயிருச்சு. உன்ற புள்ளைகளையும் அப்படி உட்டுருவனா?"

அம்மிணி ஒரு குட்டியை நக்கிக்கொடுத்தது.

"அப்ப நானும் இந்த வீட்டுலதானுங்க இருந்தேன். அந்தக் கொழந்த பொறந்த அன்னிக்கே மூச்சுக்குத் தவிச்சுது. உங்க காதுக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. நீங்க தண்ணி குடிச்சது அதுக்கப்புறந்தான்."

"ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"மடியில போட்டுக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்க. சொல்ல வாய் வரலீங்க."

நாச்சாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரசம் ஆறிப்போனது. பிறகு எழுந்து குதிர்ப் பக்கம் போனாள். கீரி படுத்துவிட்டதால் ஐந்தே நாளில் எலி பெருத்திருந்தது. செங்கோடன் வைத்த பொறியில் ஒன்று செத்துக் கிடந்தது. அதை வாலைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்து வந்தாள்.

செங்கோடன் வாயைப் பிளந்தான். "ஏம்புள்ளே, பத்தியத்துக்கு எலிக்கொழம்பா?"

"கொழம்பு இல்லீங்க. அப்படியேதான்."

எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மயிர்கூட மிஞ்சவில்லை. பொழுது சாய்வதற்குள் இன்னொரு எலியும் போனது. மறுநாள் காலையில் பால் சுரந்தது. பெரிய குட்டி மடியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கடைசியாகப் பிறந்த சின்னதுதான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துவண்டு படுத்தது.

"அக்கா, இது இந்தச் சூட்டுல பொழைக்காது. வேலியடியில குளுந்த மண்ணு இருக்குது. கதவத் தொறந்து விடுங்க."

செத்த எலியைக்கூடத் தொட்ட நாச்சாத்தாளுக்குத் தாழைத் தொட மனம் வரவில்லை.

"போனா வீட்டுக்கு வரமாட்டே நீ."

"வரமாட்டேனுங்க. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். குட்டி வளர்க்க இந்த வீடு ஆகலீங்க. வேலி எவ்வளவு தூரம்? நீங்க வாசல்ல நின்னாத் தெரியுமே."

நாச்சாத்தாள் தாழை எடுத்தாள். ஆறு நாளாக அடைந்து கிடந்த பூண்டு நெடியும் புகையும் வெளியே போயின. காற்று உள்ளே வந்தது.

அம்மிணி பெரிய குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு ஓடிப்போய் வேலிக்குள் மறைந்தது. திரும்பி வந்து சின்னதைக் கவ்வியது. அது ஈரத்துணிபோல வாயில் தொங்கியது. வாசலைத் தாண்டிப் பாதி தூரம் போயிருக்கும். நாச்சாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மிணி! சின்னதுக்கு உசுரு இருக்குதா?"

கீரி நின்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் குட்டி விழுந்துவிடும். கீழே வைக்கலாம் என்றால் சித்திரை வெயிலில் மண் அடுப்பாகக் கொதிக்கிறது. என்ன செய்யும் பாவம்? பின்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்தது. வாசலைப் பார்த்துத் திரும்பிக் குட்டியை உயரத் தூக்கிக் காட்டியது. எறும்பு கடித்ததுபோலச் சின்னது நாலு காலையும் உதறியது.

"சரி கண்ணு... சரி, போ" என்றாள் நாச்சாத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு அம்மிணி வாய் திறந்து பேசி அவள் கேட்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் அதன் வாயில் ஒரு குட்டி இருக்கும், இல்லாவிட்டால் குட்டிகளுக்கு எலி இருக்கும். அவள் வாசலில் நின்று, "எல்லாம் சொகந்தானா?" என்று கேட்பாள். அது எழுந்து நின்று காட்டிவிட்டு ஓடும்.

அன்று முதல்தான், வேலியோரம் ஓடுகிற கீரி, யாரும் கூப்பிடாமலே பாதி வழியில் நின்று, இரண்டு காலில் எழுந்து, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறது.