தொட்டி வாயில் வைத்த மூக்கு

“இன்னும் என்ன பாக்கி மேடம்?” என்று கேட்டார் தணிகாசலம்.

பௌசியா பேகம் கருவியைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஆய்வகத்தில் அவர்தான் குரு. தணிகாசலம் அவரைவிட வயதில் மூத்தவர். நல்ல வேலையை உதறிவிட்டு வந்து மாணவராகச் சேர்ந்தவர்.

தணிகாசலம் செய்திருந்தது ஒரு மூக்கு. எலியின் மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகளை வளர்த்து, ஒரு மின்னணுச் சில்லின்மேல் படியவைத்திருந்தார். வாடை வந்து ஏற்பியைத் தொட்டால் மின்சாரம் அசையும், திரையில் கோடு எழும்.

தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிகளில் ஆளைக் கொல்லும் வாயு தங்கும். ஆள் இறங்குமுன் அதை மோந்து சொல்லத்தான் இந்த மூக்கு.

“ஒரு தடவைகூடத் தப்பா சொன்னதில்ல. தயார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“கருவியை எடுத்துக்கிட்டு வாங்க” என்றார் பௌசியா பேகம்.

ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம். தொட்டிக்குள் பம்பு நின்றுபோயிருந்தது. அதைச் சரிசெய்ய வந்த ஃபிட்டர் இருதயராஜ் இடுப்பில் பெல்ட்டும் கயிறுமாகக் காத்திருந்தார்.

மூடியைத் திறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது.

தணிகாசலம் கருவியைத் தொட்டி வாயில் நீட்டினார். கோடு சர்ரென்று ஏறியது.

“பாத்தீங்களா மேடம்?”

சற்று நேரத்தில் கோடு வளைந்து இறங்கியது. இறங்கி, தரையோடு படுத்துவிட்டது.

“வாயு கலைஞ்சு போச்சு” என்றார் தணிகாசலம், நெற்றியைச் சுருக்கியபடி.

இருதயராஜ் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டார். பௌசியா பேகம் அவர் பின்னால் போய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எறங்கட்டுமா சார்?”

தணிகாசலம் குருவைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க. மூக்கு உங்களோடது. நீங்கதான் சொல்லணும்.”

“கோடு கீழதான் இருக்கு மேடம்.”

“அதை அவர்கிட்ட சொல்லுங்க.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். மறுபடி திரையைப் பார்த்தார். கோடு தரையில்தான் கிடந்தது. இறங்குங்க என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

“என்ன சார் யோசனை?” என்றார் இருதயராஜ். “மூடியைத் தொறந்தப்போ தாங்க முடியல. இப்ப எனக்கும் நாத்தமே தெரியல.”

தணிகாசலம் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை. அந்த வளாகம் முழுக்க வீசிக்கொண்டிருந்த பச்சைத்தோல் வாடைகூட இல்லை.

“மேடம், உங்களுக்கு?”

“எனக்கும் எதுவும் தெரியல.”

மரத்தில் ஓர் இலை அசையவில்லை. காற்றே இல்லாமல் வாயு எங்கே கலைந்து போகும்?

தணிகாசலம் கருவியைக் கக்கத்தில் இடுக்கினார். இருதயராஜின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தார். பௌசியா பேகம் கயிற்றை இழுத்தார். மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு வாசல் கேட்டுப் பக்கம் ஓடினார்கள்.

இருதயராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தணிகாசலம் பையிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்தார். துளியளவு அதே வாயு அடைத்த குப்பி. அதைத் திறந்து கருவியின் முன்னால் காட்டினார்.

கோடு எழவில்லை.

மறுபடி காட்டினார். எழவில்லை. அவர்களுடைய மூக்கைப் போலவே இந்த மூக்கும் மரத்துப்போயிருந்தது.

அப்படியே தரையில் குந்திவிட்டார்.

“இது இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“தெரியாது.”

“அப்புறம் எதை வெச்சு அவர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? கோடு கீழதானே இருந்துச்சு?”

“நான் கோட்டைப் பாக்கல தணிகாசலம்” என்றார் பௌசியா பேகம். “உங்க முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”