பாதி அரிசியே போதும்

ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் மருதாசலம் எழுந்திருக்கவில்லை. நூற்பாலையில் ஃபிட்டர் அவன். செவ்வந்தி டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால் அவனுக்கு அதுதான் வேதவாக்கு. நஞ்சில்லாமல் உண்பது, மண்ணைக் கெடுக்காமல் வாழ்வது, இதைத்தான் டீச்சர் தன் தோட்டத்து வேப்பமரத்தடியில் வாராவாரம் சொல்லிக்கொடுத்தார்.

"என்னண்ணே?" என்றார் டீச்சர்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அவன் மனைவி வேலம்மாளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. புதன்கிழமை தையல் கம்பெனியில் மிஷின் மேலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ரத்தம் ஏழு பாயிண்ட்தான் இருக்கிறது, இன்னும் இறங்கினால் படுக்கையில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"வீட்டுல நஞ்சுன்னு ஒரு துளி கிடையாது டீச்சர். அப்புறம் எப்படி இவளுக்கு மட்டும் இப்படி?"

கேட்டவனே பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தான். கம்பெனி வாசலில் பஜ்ஜி, பரோட்டா என்று கண்டதையும் தின்கிறாள், கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிக்கிறாள் என்றான். டாக்டர் முன்னாலேயே அதைப் போட்டு உடைத்திருக்கிறான். அவள் தலை குனிந்துகொண்டாளாம். டீச்சர் ஒரு நடை வீட்டுக்கு வந்து, அவளைக் கண்டித்து, இனிமேல் வெளியில் தின்னமாட்டேன் என்று ஒரு சத்தியம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றான்.

டீச்சர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றேன்" என்றார்.

மருதாசலத்தைக் குறை சொல்வது சுலபம். சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து அவனுக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. அந்தப் பயத்தில்தான் டீச்சரிடம் வந்து சேர்ந்தான். செக்கு எண்ணெய் வந்தது, சீயக்காய் வந்தது, பிளாஸ்டிக் குடம் வெளியே போனது. தன் டீயை நிறுத்தினான், பைக்கை விற்றுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போனான். நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

ஆனால் கிறுக்கும் கொஞ்சம் உண்டு. ரேஷன் அரிசியை வாசற்படி தாண்ட விடமாட்டான். தெருமுனையில் முருங்கை கிளை ஒடியத் தழைத்து நின்றாலும், லாரிப் புகை பட்டது என்று ஒரு கொத்துக் கீரை பறிக்க விடமாட்டான். பையில் இயற்கை விளைச்சல் என்ற பச்சை முத்திரை இல்லையென்றால் அவனுக்குக் கீரையும் கீரை இல்லை.

அரிசியில்தான் அவன் பெயர் வாங்கினான். மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய அரிசியின் விலை, வழக்கமாக வாங்கும் அரிசியைப்போல இரண்டு மடங்கு. டீச்சர் முதல் வகுப்பில் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது: அளவைக் குறைங்க, தரத்தைக் கூட்டுங்க. அப்படியே செய்தான். முன்பு வாங்கியதில் பாதிதான் வாங்கினான். அந்தப் பாதி மாசக் கடைசிவரை வந்தது. போன மாதம் வகுப்பில் எழுந்து நின்று, "நல்ல அரிசின்னா பாதியே போதுங்க, வயிறு தானா நிறைஞ்சிருது" என்று சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார்.

டீச்சர் சாப்பிட வருகிறார் என்றதுமே, எதற்கென்று வேலம்மாள் புரிந்துகொண்டாள். அழவில்லை, மறுக்கவில்லை. கூடுதலாக ஒரு பிடி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். விசாரணைக்கு நிற்கப்போகிறவளுக்கு இவ்வளவு நிதானம் எதற்கு என்று மருதாசலத்துக்கு எரிச்சலாக வந்தது.

டீச்சர் வந்தார். தட்டுகள் வைக்கப்பட்டன. டீச்சர் உட்காரவில்லை.

"நான் அக்காகூட உக்காந்துக்கிறேன்."

"அவ கடைசியிலதான் டீச்சர் சாப்பிடுவா. நாங்க எந்திரிச்ச பிறகு."

"அப்ப எனக்கும் அப்பத்தான்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். விருந்தாளியை நிற்கவைத்துவிட்டுச் சாப்பிடுவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தட்டில் விழுந்தது தீர்ந்தது. வேலம்மாள் வழக்கம்போல இரண்டாம் முறையும் போட்டாள், ரசத்துக்கும் போட்டாள். இரண்டு மகள்களுக்கும் கேட்காமலே போட்டாள். அவள் தன் முகத்தைப் பார்க்காமலே பரிமாறியதை மருதாசலம் கவனித்தான். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டான்.

கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்பச் சொல்லுங்க டீச்சர்" என்றான்.

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன். எங்க ரெண்டு பேருக்கும் நீங்களே பரிமாறுங்கண்ணே."

வேலம்மாள் சட்டென்று அடுப்படி வாசலை மறித்து நின்றாள். அவருக்குப் பழக்கமில்லை, நான் போட்டுக்கொள்கிறேன் என்றாள். பிறகு குரல் இறங்கி, "எனக்குப் பசியில்ல டீச்சர். நீங்க மட்டும் சாப்பிடுங்க" என்றாள்.

"எனக்குப் பசிக்குதுக்கா. நீங்க உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்."

அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் அவள் விலகினாள். மருதாசலம் உள்ளே போய்ப் பானை மூடியைத் திறந்தான். டீச்சருக்கென்று தனியாக ஒதுக்கிய ஒரு தட்டுச் சோறு ஓரத்தில் இருந்தது. மற்றபடி பானை காலி. வேறு பாத்திரம் இருக்கும் என்று தேடினான். ஒரு சொம்பு நிறைய வடிகஞ்சி உப்புப் போட்டு மூடி வைத்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஒரு தட்டை டீச்சர் முன்னால் கொண்டுவந்து வைத்தான். வேலம்மாளின் வெறும் தட்டுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"உனக்குச் சோறு எங்க?"

"இன்னைக்கு டீச்சர் வந்துட்டாங்கல்ல. அதான்."

"மத்த நாள்ல?" என்று கேட்டது டீச்சர்.

வேலம்மாள் சொம்பு இருந்த திசையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"பிள்ளைங்க நல்லதைத் திங்குதுங்க டீச்சர். அவரும் வேலையில நிக்கிறவரு. அவங்களுக்குக் குறைஞ்சிறக் கூடாதுல்ல."

மருதாசலத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டாக்டர் முன்னால் அவள் தலை குனிந்தது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவமானம் தாங்கமுடியாமல் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நீங்கதானே டீச்சர் அளவைக் குறைக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். யாரோட அளவைன்னு சொல்லாம விட்டுட்டேன். கையும் தட்டினேன்."

டீச்சர் தன் தட்டிலிருந்த சோற்றை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கை வேலம்மாளின் தட்டில் தள்ளினார். குழம்பை ஊற்றினார். வேலம்மாள் ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை தன் தட்டைத் தொடவில்லை.

மருதாசலம் அவர்கள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"இந்தச் சம்பளத்துல, நாலு பேருக்கு, நல்ல அரிசி எப்படித்தான் டீச்சர் வாங்குறது?"

டீச்சர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"இன்னைக்குத்தான் நாலு பேருக்குன்னு கேக்குறீங்கண்ணே."