செல்லக்கனி கார் உதறாது

செல்லக்கனி அரைக்கிற இட்லி மாவு அவளுடைய பழைய காரில்தான் கடைகளுக்குப் போகும். ஸ்டார்ட் செய்தாலே வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறும். குடியிருப்புச் சங்கத் தலைவர் ஆறுமுகப்பெருமாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். உதறிச்சுன்னா வண்டிக்கு இங்க இடங்கெடையாது."

என்ஜினைத் தாங்குகிற ரப்பர் புஷ்கள் நைந்துபோயிருந்தன. செல்லக்கனி சாமியைக் கும்பிட்டுவிட்டு, என்ஜினுக்கு ஜாக்கி முட்டுக்கொடுத்து அவற்றைக் கழற்றினாள். லாரி டயர் ரப்பரை அளவாக அறுத்து, சோப்புத் தண்ணீர் தடவி, பழைய ரப்பர் இருந்த இடத்தில் இறக்கினாள்.

ஞாயிறன்று தலைவர் காபியும் கையுமாக வந்தார். டம்ளரை பானெட்டில் வைத்துவிட்டு, கூடி நின்றவர்களிடம் முழங்கினார்.

"இதெல்லாம் பொம்பள வீட்ல செய்யிற வேலையா? ஸ்டார்ட் பண்ணுனா எங்க வீட்டு ஜன்னலே ஆடும், பாத்துக்கிடுங்க! ம், ஸ்டார்ட் பண்ணும்மா!"

"உங்க காபி சிந்திச்சா அண்ணாச்சி?"

"சும்மா நிக்கிற வண்டியில எப்படிச் சிந்தும்?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணிட்டேன். நீங்க போட்ட சத்தத்துல என் வண்டிச் சத்தம் அமுங்கிப்போச்சு."

தலைவர் பானெட்டில் காதை வைத்துப் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்படியே கேட்டைத் திறந்து விடுங்க அண்ணாச்சி, கடைக்கு நேரமாச்சு."

தலைவரே போய்த் திறந்துவிட்டார்.