பனங்காயின் மூன்று கண்

அந்தக் காலத்தில், விலங்கும் மரமும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பனங்காய்க்குள் இப்போதுபோல் மூன்று நுங்கு இல்லை. மாதுளை முத்துப்போல் முப்பத்தாறு சிறு நுங்குகள் இருந்தன.

பனை ஏறத் தெரிந்தவள் கூராயி என்ற மரநாய் ஒருத்திதான். அடியில் மொட்டையன் என்ற காட்டுப்பன்றி காவல் நின்றான். அவள் பறித்துப் போடும் காயை அவன் இரண்டாகப் பிளப்பான். ஒவ்வொரு பாதியிலும் பதினெட்டு நுங்கு. அந்தப் பதினெட்டில் ஆறு அவளுக்கு, மிச்சம் அவனுக்கு.

கோடை முற்றியது. கூராயியின் குட்டிகளுக்குப் பசி அடங்கவில்லை.

"பங்கைக் கூட்டித் தாரும். இல்லையென்றால் ஏறமாட்டேன்" என்றாள் கூராயி.

மொட்டையன் காட்டையே கூட்டினான். "சரி புள்ளே! இதுவரை பதினெட்டுக்கு ஆறு. இனிமேல் முழுக்காய்க்குக் கணக்கு. முப்பத்தாறுக்குப் பன்னிரண்டு! இரண்டு மடங்கு! போதுமா?"

"மனசுன்னா இதுவல்லவா மனசு!" என்று முயல்கள் குதித்தன. கூராயியும் மகிழ்ந்துபோனாள்.

அன்று தின்று முடித்ததும் கடைக்குட்டி வயிற்றைத் தடவிப் பார்த்தது. "அம்மா, வயிறு நேத்து மாதிரியேதான் இருக்கு."

கூராயிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ஒரு காயை மரத்து உச்சியிலேயே உடைத்து ஓலையில் பரப்பினாள். தன் பன்னிரண்டைத் தனியே ஒதுக்கினாள். எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தாள். மொத்தம் பதினெட்டுச் சோடி, அவளுக்கு ஆறு. "அட பாவி, இது பழைய பங்கு!" நான்கு நான்காகச் சேர்த்தாள். ஒன்பதுக்கு மூன்று. ஐந்தைந்தாகச் சேர்த்தால் மிச்சம் விழுந்தது, கலைத்துவிட்டாள். கடைசியில் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றே குவியல், அவளுக்கு ஒன்று. இதைவிடப் பெரிய குவியல் வைக்க அவள் பங்கில் நுங்கு இல்லை.

ஒவ்வொரு குவியலையும் உள்ளங்காலால் அழுத்தி ஒட்டவைத்தாள். ஓலைப்பட்டையில் வைத்துக் கவ்விக்கொண்டு இறங்கி, எல்லோர் முன்னாலும் வைத்தாள்.

"எண்ணிப் பாரும்."

"மூணு" என்றான் மொட்டையன். "பன்னிரண்டு எங்கே?"

"இந்த ஒன்றுதான் நீர் எனக்குத் தந்த பன்னிரண்டு. பழைய ஆறும் இதுதான். எப்படிச் சொன்னாலும் மூன்றில் ஒன்று!"

முயல்களும் கிட்ட வந்து எண்ணிப் பார்த்தன.

"உதிர்த்துவிடு புள்ளே!" என்று அவன் உறுமினான்.

"மாட்டேன். உதிர்த்தால் மறுபடியும் பெரிய எண்ணாகச் சொல்லி மயக்குவீர். ஏறுகிறவளுக்கு இரண்டு, நிற்கிறவருக்கு ஒன்று. பிடிக்கவில்லையென்றால் கிழங்கு தோண்டித் தின்னும்."

மொட்டையன் கோரைப்பல்லைக் காட்டினான். கூராயி ஓரடிகூட நகரவில்லை. மேலே பனைமரம் ஓலையைச் சலசலவென ஆட்டிப் பேசியது.

"அவள் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். இனி நான் அப்படியே காய்க்கிறேன்."

அன்று தொட்டுத்தான் பனங்காய்க்கு மூன்று கண். பன்றி இன்னும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. எப்போதாவது இரண்டு கண் காய் உங்கள் கைக்கு வந்தால், மொட்டையனுக்கு அந்த ஒரு பங்கும் கிடையாது என்று கூராயி சொல்லிவிட்ட நாளில் காய்த்த காய் அது.