முன்வரிசைக்குப் போன முயல்

கரட்டு மேட்டில் நெட்டைச்செவி என்று ஒரு முயல் இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் ஒரு குளம். குளத்தில் ஒரு தவளைக் குழு. மழைக்காலம் வந்தால் குழு பாடும். வளை வாசலில் உட்கார்ந்து நெட்டைச்செவி கேட்கும். அந்தப் பாட்டுகள் என்றால் அதற்கு உயிர். அதிலும் 'இறங்கு மேகமே' என்ற பாட்டு தொடங்கிவிட்டால், வாயில் இருக்கும் புல்லை மெல்லவே மறந்துவிடும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல முயல். ஆனால் எதிரே யார் வந்தாலும் பிடித்து நிறுத்தி, "அந்தக் குழுவுக்கு முதல் ரசிகன் நான்தான். பாடகர் பெருந்தொண்டை எங்கே மூச்சு வாங்குவார்னு கூட எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துவிடும். பெருந்தொண்டையின் முகத்தை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. அது ஒரு சின்ன விஷயம், விடுங்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பெய்த ஒரு மழைக்குக் குளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது. தவளைகள் அன்று மாலை ஒரே ஒரு கச்சேரி நடத்திவிட்டு, அடுத்த மழைக்காலம்வரை சேற்றுக்குள் போய்விடும் என்று செய்தி வந்தது.

"இந்தத் தடவை நேரிலேயே பார்க்கப் போறேன். அதுவும் முன்வரிசையில. பெருந்தொண்டை அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டாம விடமாட்டார்" என்று நெட்டைச்செவி மேடு முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியது.

பக்கத்துப் புதரில் இருந்த சிறகாயி என்ற கௌதாரியும் கூடவே வந்தது. "தம்பி, காலை மட்டும் அடக்கி வச்சுக்கோ. சந்தோஷம் வந்தா உனக்குக் கால் நிக்காது" என்றது.

முயல் பின்காலால் தரையைத் தட்டினால் காட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: 'ஆபத்து, ஓடு.' முட்டையை விட்டு வந்த குஞ்சுக்குக்கூட அது தெரியும்.

"எப்படி ரசிக்கணும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா அக்கா?" என்று சிரித்தது முயல்.

குளக்கரையில் மான், கீரி என்று எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டைச்செவி இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. முன்வரிசையில் ஓர் ஆமை இருந்தது.

"விடியும்போது நடக்க ஆரம்பிச்சவன், இப்பதான் வந்து சேர்ந்தேன்" என்றது ஆமை.

"அப்ப களைச்சுப் போயிருப்பீங்க. பின்னாடி போய் நிம்மதியா உட்காருங்க" என்று அதன் இடத்தில் முயல் உட்கார்ந்துகொண்டது.

"காதை மடக்குப்பா, ஒண்ணும் தெரியல" என்றது பின்னால் இருந்த கீரி.

"இது முதல் ரசிகனோட காது. மடங்காது."

தவளைகள் மேலே வந்தன. நெட்டைச்செவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எருமை அளவாவது இருப்பார் என்று நினைத்திருந்தது. வந்தவரோ எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தார். ஆனால் பெருந்தொண்டை தொண்டையை உப்பவைத்துக் குரல் எடுத்ததும் முயலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேட்டில் இருந்து இத்தனை வருஷமாகக் கேட்காத சின்னச் சின்ன நெளிவுகள் எல்லாம் காதில் விழுந்தன. கண் கலங்கியது. அந்த ஒரு நொடி அது உண்மையான ரசிகன்தான்.

மறுநொடியே, தான் அழுவதை எல்லோரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. பிறகு திரும்பியபடியே இருந்துவிட்டது. "இங்க ஒரு இழுப்பு வரும் பாருங்க... வந்துச்சா? நான் சொன்னேன்ல!" இப்படியே மூன்று பாட்டு முடிந்தது.

கடைசியாக 'இறங்கு மேகமே' தொடங்கியதும்தான் முயல் மறுபடி குளத்தின் பக்கம் திரும்பியது. பாடிக்கொண்டே பெருந்தொண்டை முயல் இருந்த பக்கம் தற்செயலாகக் கண்ணைத் திருப்பினார். போதாதா?

"என்னைப் பார்த்துட்டார்!" என்று கத்தியது முயல். கால் நிற்கவில்லை. டப் டப் டப் என்று தரையைத் தட்டியது.

முதலில் மான் பாய்ந்தது. கீரி புதருக்குள் மறைந்தது. சிறகாயி பறந்தது. ஓட முடியாத ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. தவளைகள் ஒன்றுவிடாமல் தண்ணீருக்குள் குதித்தன.

"ஐயோ, ஆபத்தெல்லாம் இல்ல! சந்தோஷத்துல தட்டினேங்க. வெளிய வாங்க!" என்று முயல் கெஞ்சியது. தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்தன.

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "நீ போனாத்தான் தம்பி அவங்க வருவாங்க."

நெட்டைச்செவி காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடு ஏறியது. ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினார்கள். முயல் வளை வாசலை எட்டியபோது, கீழே 'இறங்கு மேகமே' முதலிலிருந்து தொடங்கியது. ஆமை முன்வரிசையில் இருந்து கேட்டது. முயல் எப்போதும் கேட்கும் இடத்தில் இருந்தே கேட்டது. சின்ன நெளிவு ஒன்றும் காதில் விழவில்லை. ஆனாலும் கண் கலங்கியது. இந்தத் தடவை திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

மறுநாள் அணில் வந்து, "நேர்ல எப்படி இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டது.

"என்னைப் பார்த்ததும் அவங்களுக்குப் பாட்டே வரல" என்றது நெட்டைச்செவி. முயல் அதுவரை அடித்த பெருமைகளிலேயே உண்மைக்குப் பக்கத்தில் வந்தது அது ஒன்றுதான்.

ரசிக்கப் போன இடத்தில் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்பவன், எதற்காகப் போனானோ அதையே இழந்து திரும்புவான்.