கடல்குதிரையின் வால் சுருண்ட இரவு

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசின. அவை பேசியது மனிதர்களுக்குப் புரியவும் செய்தது. புரிந்ததால் யாருக்கும் பெரிய நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது கடல்குதிரையின் வால் நேராக இருந்தது. நாடாவைப் போலப் பின்னால் தொங்கும், எதையும் பற்றிக்கொள்ளாது. பற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை. பொழுது சாய்ந்தால் கணவனும் மனைவியும் அருகருகே மிதந்தபடி தூங்குவார்கள். விடிந்தால் அருகருகே விழிப்பார்கள். அப்போதும் பிள்ளையை ஆண்தான் வயிற்றுப் பையில் சுமந்து பெற்றான். அது ஏன் என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. அது இதைவிட நீளம், சண்டையும் அதிகம்.

கடலுக்குள் இருட்டு என்பது ஒரு பங்கு. பகல் ஒரு கூட்டத்துக்கு, இரவு இன்னொரு கூட்டத்துக்கு. கிளிமீன் தன் சளியாலேயே ஒரு போர்வை நெய்து அதற்குள் சுருண்டுகொள்ளும். பவளம் பகலெல்லாம் கல்லாக இருந்துவிட்டு, இருட்டியதும் ஆயிரம் கைகளை நீட்டிச் சாப்பிடும். எட்டுக் கை படைத்த பேய்க்கணவாய் பொந்தைவிட்டு இரை தேட வரும். இந்த இருட்டும் திடீரென்று வராது. படிப்படியாக இறங்கும், ஒளிய வேண்டியவர்கள் ஒளிந்துகொள்ள நேரம் கொடுக்கும். கடல்குதிரை பிள்ளை பெறுவதும் இருட்டில்தான். வெளிச்சத்தில் அதன் பை திறக்காது.

பவளத்துறை என்ற ஊரில் நாச்சியப்பர் என்ற சங்கு வியாபாரி இருந்தார். அவர் மனைவி உமையாள். மணமாகி நெடுங்காலமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஊரில் யாரும் அதைப் பற்றி அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. வளைகாப்புகளுக்கு அழைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் கரையில் வலையை உதறியபோது இரண்டு கடல்குதிரைகள் விழுந்தன. ஒன்று சடையன், தலையில் கொண்டை, வயிறு புடைத்திருந்தது. மற்றது அவன் மனைவி கொன்றை, பெயருக்கேற்ற மஞ்சள். வலைக்காரர்கள் அவர்களைக் காயப்போட எடுத்தபோது உமையாள் பார்த்துவிட்டாள்.

"ஆம்பிளையா பிள்ளை சுமக்கிறான்?" என்று கேட்டாள்.

"இந்தச் சாதியில் அப்படித்தான் ஆச்சி," என்றான் சடையன், மூச்சு வாங்கியபடி. "முதலில் தண்ணீரில் விடுங்கள், விவரம் அப்புறம் சொல்கிறேன்."

ஆணின் வயிற்றிலேயே பிள்ளை தங்குகிறது என்றால் இதைவிட நல்ல சகுனம் எது என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் பின்னால், கடலை ஒட்டிக் கருங்கல்லில் கட்டிய குளம் ஒன்று இருந்தது. கால்வாய் வாயில் நெருக்கமாகப் பின்னிய மூங்கில் தட்டி வழியாக அலை மட்டும் உள்ளே வந்து போகும். கடற்புல், பவளம், கிளிமீன், நண்டு எல்லாம் அதில் உண்டு. இருவரையும் அதில் விட்டாள். குளத்தின் விளிம்பில் ஒரு மாடம் கட்டி, அதில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டாள்.

"இந்தக் குளத்தில் பிள்ளை பிறக்க வேண்டும், அதைப் பார்த்து என் வயிற்றிலும் ஒன்று தங்க வேண்டும். அதுவரை இந்தச் சுடர் அணையாது."

அணையா விளக்கு இருக்கும்வரை கடல்குதிரை பிள்ளை பெற முடியாது. கடல்குதிரை பிள்ளை பெறும்வரை விளக்கை அணைக்க முடியாது. தர்க்கம் படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ரசிக்கலாம். சடையனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்கு வயிறு வலித்தது.

விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஓர் ஆளை வைத்தார்கள். அவர் பெயர் இருளாண்டி. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. குழந்தை பிறக்கும்போது அது பின்னால் என்ன வேலைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

குளத்தில் இரவு வரவில்லை. கிளிமீன் போர்வை நெய்ய மறந்து, சிவந்த கண்ணோடு சுற்றிக்கொண்டிருந்தது. பவளம் கைநீட்ட இருட்டுக்காகக் காத்திருந்து, பட்டினியில் ஓரம் வெளுத்தது. சடையனின் வயிறு உரல் மாதிரி ஆனது. உள்ளே பிள்ளைகள் புரண்டன. சில நாளாகப் புரள்வதும் குறைந்திருந்தது.

"மச்சான், இன்றைக்கு அசைந்ததா?" என்று கேட்டாள் கொன்றை.

"காலையில் அசைந்தது."

"காலை எது, மாலை எது என்று உமக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் நீர்மட்டத்துக்கு வந்து உமையாளைக் கூப்பிட்டார்கள்.

"ஆச்சி, ஒரே ஒரு ராத்திரி. விளக்கை அணைத்துவிடுங்கள்," என்றான் சடையன்.

உமையாள் காதைப் பொத்திக்கொண்டாள். "அந்த வார்த்தையைச் சொல்லாதே. எங்கள் வீட்டில் விளக்கைக் குளிர வைப்பது என்றுதான் சொல்வோம்."

"சரி, குளிர வையுங்கள்."

"வேண்டிக்கொண்டு ஏற்றியதை நானே குளிர வைத்தால் குலமே அணைந்த மாதிரி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்கள் குலம் விளங்க எங்கள் குலம் போகணுமா?" என்றாள் கொன்றை.

உமையாள் குளத்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "அப்படிச் சொல்லாதே தாயே. சடையா, எப்படியாவது பெற்றுவிடு. நீ பெற்றால் நானும் பெறுவேன். அப்புறம் விளக்கு என்ன, மாடத்தையே இடித்துவிடுகிறேன்."

"வெளிச்சத்தில் முடியாது ஆச்சி."

"கொஞ்சம் முயற்சி பண்ணு. எனக்காக."

அவன் முகம் வாடுவதைப் பார்த்து அவளுக்கு மனம் கேட்கவில்லை. தன்னால் ஆனதைச் செய்தாள். இன்னும் ஒரு குடம் எண்ணெய் கொண்டுவரச் சொன்னாள்.

அவள் போனதும் கொன்றை இருளாண்டியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்களாவது கொஞ்சம் அசந்து தூங்கக் கூடாதா? எண்ணெய் தீர்ந்தால் அது தானாகப் போய்விடுமே."

"என் பேரைக் கேட்டாயல்லவா? காற்றில் அணைந்தாலும் ஊர் என்னைத்தான் சொல்லும். முத்தையா என்றோ மாணிக்கம் என்றோ வைத்திருந்தால் யோசித்துப் பார்த்திருப்பேன்." அவர் திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கால்வாய்ப் பொந்தில் ஒரு பேய்க்கணவாய் இருந்தது. குட்டியாக, தட்டியின் இடுக்கில் நுழைந்து அலையோடு உள்ளே வந்தது. வளர்ந்துவிட்டதால் வந்த வழியே போக முடியவில்லை. இருட்டு இல்லாததால் இரைக்கும் வழியில்லை. நண்டுகள் அது இருப்பதை அறிந்து மணலுக்குள் ஆழமாகப் போயிருந்தன.

"என்ன மாப்பிள்ளை," என்றது பேய்க்கணவாய், "சீமந்தம் முடிந்து ஒரு யுகம் ஆகிவிட்டது போலிருக்கே? இன்னும் இறக்கி வைக்கலையா?"

"வெந்த புண்ணைக் கிளறாதீர்," என்றான் சடையன்.

"நான் கிளற வரவில்லை. அணைக்க வந்தேன். எனக்குக் குலமும் கிடையாது, சகுனமும் கிடையாது. இங்கிருந்தே தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த மாடம் வரைக்கும் போகும். ஆனால் வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்குக் கண் கூசும். கண்ணை மூடிக்கொண்டு பீய்ச்சுகிறேன். இடத்தை நீ சொல்."

"பதிலுக்கு என்ன வேண்டும்?"

"உனக்கு வேண்டியதேதான். இருட்டு."

கொன்றை கணவனை ஒரு பக்கமாக இழுத்துப் போனாள். "மச்சான், வேண்டாம். இருட்டு நமக்கு மட்டும் வராது. அதற்கும் சேர்த்துத்தான் வரும்."

"அது நண்டுதானே தின்னும்."

"இத்தனை நாள் பட்டினி கிடந்தது எதைத் தின்னும் என்று அதற்கே தெரியாது."

"வேறு வழி சொல், கேட்கிறேன்."

கொன்றை அவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு, "என் பக்கத்திலேயே இரும். எங்கேயும் நகரக் கூடாது," என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

பேய்க்கணவாய் நீர்மட்டத்துக்குக் கீழே வந்து, எட்டுக் கைகளாலும் கல்லைப் பற்றி, உடம்பு நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. கண்களை இறுக மூடியது.

"இடது பக்கம்," என்றான் சடையன். "இன்னும் மேலே. இன்னும். அங்கேதான்."

தண்ணீர் மாடத்தில் மோதியது. சுடர் சீறி, அணைந்தது.

அது கடலின் இருட்டு இல்லை. படிப்படியாக இறங்கவில்லை. நிலவும் இல்லாத அந்த இரவில் குளத்தின் மேல் மூடியைப் போட்டது போல வந்து விழுந்தது. எத்தனையோ நாள் வெளிச்சத்தில் பழகிய கண்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிளிமீன் கருங்கல்லில் முட்டிக்கொண்டது. சடையனின் வயிறு அந்தக் கணமே இறுகி, திறந்தது. பிள்ளைகள் நூறு நூறாக வெளியே சிதறின. வலியில் அவன் உடம்பு முன்னும் பின்னும் மடங்கியது. பக்கத்தில் கொன்றையின் உடம்பு உரசியது. அப்புறம் ஏதோ வழுவழுப்பாகக் கடந்து போனது. தண்ணீர் ஒருமுறை சுழன்று அடங்கியது.

அவன் வாலை நீட்டித் துழாவினான். மெலிதாக, மிருதுவாக ஒன்று தட்டுப்பட்டது. அவன் கைக்கு, கை என்று ஒன்று இல்லாததால் வாலுக்கு, அது அவள் என்றே பட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக வாலைச் சுருட்டி இறுகப் பற்றிக்கொண்டான். அதுவும் அவனோடு சேர்ந்து அசைந்தது. அலை உள்ளே வந்தால் அவனோடு சாய்ந்தது. அலை போனால் அவனோடு நிமிர்ந்தது. இத்தனை வலிக்கு நடுவிலும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று. அவளும் கூடவே இருக்கிறாள். இரவு முழுவதும் பிடியை விடவில்லை.

கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் உமையாள் எண்ணெய்ப் பாத்திரத்தோடு வந்தாள். மாடம் இருண்டிருந்ததைப் பார்த்து அலறினாள். இருளாண்டி தூக்கத்திலிருந்து விழுந்தடித்து எழுந்தார்.

"நான் இல்லை ஆச்சி! சத்தியமாக நான் தொடவில்லை!"

"நெருப்பைக் கொண்டு வா! சீக்கிரம்!"

தோஷத்துக்குப் பரிகாரமாக, ஒரு திரி இருந்த இடத்தில் ஐந்து திரி போட்டு ஏற்றினாள். குளம் பட்டப்பகலானது.

புதிதாகப் பிறந்தவை கண்ட முதல் வெளிச்சம் அது. பிள்ளைகள் அதைத் தாய் என்று நினைத்தன. நூறு நூறாக மேலே ஏறி, நீர்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்தன.

"பிறந்துவிட்டது!" என்று கத்தினாள் உமையாள். "இருளாண்டி, பிறந்துவிட்டது! உள்ளே ஓடிப் போய்ச் சர்க்கரை எடுத்து வா!"

காற்றைக் குடித்த குஞ்சுகளால் மறுபடி கீழே இறங்க முடியவில்லை. எள்ளை அள்ளி இறைத்தது போல மேலேயே மிதந்தன. கொஞ்ச நேரம் நெளிந்தன. சர்க்கரை வந்து சேர்ந்தபோது அதுவும் நின்றிருந்தது.

கீழே சடையன் வெளிச்சத்தில் தன் வாலைப் பார்த்தான். அவன் இரவெல்லாம் பற்றிக்கொண்டிருந்தது ஒரு கடற்புல்.

கால்வாய்ப் பொந்தின் வாசலில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. பிள்ளைகளைக் கீழே வாருங்கள் என்று கூப்பிட அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. 'அங்கேதான்' என்பதே கடல்குதிரை பேசிய கடைசிச் சொல்.

சூரியன் ஏறியது. சடையன் புல்லை விட்டுவிட்டு, கொன்றை வழக்கமாக விழிக்கும் இடத்துக்குப் போனான். அங்கே நின்று தன் நிறத்தை வெளிறச் செய்து, சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி சுற்றினான். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று அதற்குப் பொருள். எதிரே தண்ணீர்தான் இருந்தது. உமையாள் விளிம்பிலிருந்து அதைப் பார்த்தாள். அவளுக்கு விளங்குவதற்கு இந்த முறை பேச்சு தேவைப்படவில்லை.

அவள் எழுந்து, உடுத்தியிருந்த அவுரி நீலப் புடவையில் ஒரு முழம் கிழித்தாள். நான்கு திரிகளை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைச் சுடருக்கு முன்னால் அதைத் திரையாகக் கட்டினாள். அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோது குளத்துக்குள் நிலா மாதிரி மங்கலான நீலம் இறங்கியது. அதில் பவளம் கை நீட்டியது; கிளிமீன் போர்வை நெய்தது. அந்த மங்கலும் கண் கூச, பேய்க்கணவாய் பொந்தைவிட்டு வரவில்லை. புல்லின் நிழலில் சிக்கி மேலே போகாமல் தப்பிய சில குஞ்சுகள், தகப்பனைப் பார்த்து ஆளுக்கொரு புல்லில் வாலைச் சுருட்டிக்கொண்டன.

விளக்கை அணைக்க வேண்டியதே இருக்கவில்லை. ஒரு முழம் துணி போதுமாக இருந்தது. அது முதல் நாளிலிருந்தே அவள் இடுப்பில்தான் இருந்தது.

உமையாளுக்குக் குழந்தை பிறந்ததா என்று சிலர் கேட்பார்கள். பிறந்தது. விளக்கு எரிந்தால்தான் அந்தப் பிள்ளை தூங்கியதாம்.

இன்றும் கண்ணாடித் தொட்டியில் கடல்குதிரை வளர்ப்பவர்கள், ராத்திரியானால் வெள்ளை விளக்குகளைப் படிப்படியாகக் குறைத்துவிட்டு மங்கலான நீல விளக்கு ஒன்றை விட்டுவைக்கிறார்கள். கடையில் கேட்டால் நிலவொளி என்பார்கள். அது உமையாளின் புடவை. கடல்குதிரையோ அன்று முதல்தான் இருட்டியதும் கிடைத்த புல்லை வாலால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. விடிந்ததும் பிடியை விட்டு, தன் துணை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவரப் போகிறது.