இடஞ்சுழி நத்தை

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் ஒரு கடல் நத்தையின் தடம் அகப்பட்டது. "நத்தைகள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் சுருளும். இது இடஞ்சுழி நத்தை. புது இனம். என் பெயரையே வைக்கப்போகிறேன்" என்றார் பேராசிரியர் நீலமேகம்.

கற்களைக் கழுவித் தரும் அஞ்சலை, "வலஞ்சுழி மாதிரிதான் இருக்குதுங்கய்யா" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "சாயங்காலத்துக்குள் இன்னொரு இடஞ்சுழி கொண்டு வா. இல்லாவிட்டால் வேலைக்கு வராதே."

அஞ்சலை சாதாரண வலஞ்சுழி நத்தை ஓடு ஒன்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, அந்தக் களிமண்ணை அவர்முன் வைத்தாள். சுருள் இடப்பக்கம் போயிருந்தது.

"இது வெறும் அச்சு. அச்சில் மாறித்தானே தெரியும்?"

"உங்க கல்லும் அச்சுதானுங்கய்யா. ஓடு எப்பவோ கரைஞ்சுபோச்சு."

பேராசிரியர் எழுதி வைத்திருந்த கட்டுரையில் நத்தைக்கு இட்ட தம் பெயரை அடித்துவிட்டுக் களிமண்ணை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கல்லில் இருக்கும் குழிக்குள் இதை நீயே அழுத்து, அஞ்சலை. என்ன நத்தையென்று பார்ப்போம்."